பத்துக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு

பத்து மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு இறங்கும் விமானம் இரண்டு மணி நேரம் பறக்கிறது. அக்காவின் கணக்கு இது. இதில் பேச என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி.

அப்பா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து, வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் தம்பியிடம் போனில் இதைச் சொல்லிச் சொல்லியே அவள் வாய் தேய்ந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரம்டா. நான் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்."

"இங்க மணி வேறக்கா. நிஜத்துல நாலரை மணி நேரம்."

"அப்பாவும் வேறயா?"

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. அப்பா கூப்பிட்டால் பியூட்டி பார்லரை அப்படியே போட்டுவிட்டு அவள்தான் ஓட வேண்டும். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜரம்மாவை ஒற்றைப் புருவத்தோடு நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினாள். மிச்சப் புருவத்தை அந்தம்மா எதிர்க்கடையில் முடித்துக்கொண்டார். அவரோடு மொத்த பேங்க்கும் எதிர்க்கடைக்குக் குடிபோனது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் பார்லருக்குப் பூட்டுதான்.

அவனைக் கையோடு பிடித்து அனுப்பாமல் விடுவதில்லை என்று விமானம் ஏறினாள். இரண்டு மணி நேரம் ஆனதும் தலை வாரி, செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தாள். வேறு யாரும் அசையவில்லை.

"இறங்கலையாம்மா?" என்று பணிப்பெண்ணைக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு மேடம். டிக்கெட்ல இருக்கறது அந்த ஊர் மணி."

இருந்த கோபம் போதாதென்று மானமும் போனது. மிச்ச நேரத்தை அவள் வீணாக்கவில்லை. திட்டுகளை வரிசைப்படுத்தினாள்.

விமான நிலைய வாசலில் தம்பி நின்றான். சட்டையில் கிரீஸ், முகத்தில் இளிப்பு. "என்னக்கா, ரெண்டு மணி நேரத்துல வந்துட்டியா?"

"நாலரை மணி நேரம்தான். நான்தான் மக்கு, ஒத்துக்கறேன்." அவன் இளிப்பு அகலமானது. "நாலரை மணி நேர தூரத்துக்கு ஒன்றரை வருஷமா கிளம்பிக்கிட்டே இருக்கியே, அது எந்த ஊர் மணிடா?"

இளிப்பு இருந்த இடம் தெரியவில்லை. பின்னால் பெட்டி வண்டி தள்ளி வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள். அக்கா நகரவில்லை.

"நம்மளைத் தோள்ல தூக்கிட்டுப் போன மனுஷன்கா," என்றான் தரையைப் பார்த்து. "அவரை நாம தூக்கி உக்கார வைக்கறதை என்னால பார்க்க முடியாது."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "சாயங்கால ஃபிளைட். உன் பேர்ல போட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் நாளைக்குக் காலை வரைக்கும்தான் அப்பாவைப் பார்த்துப்பார். அப்புறம் நீ."

"அப்ப நீ?"

"ரூம் சாவியைக் குடு. நாலு நாள் தூங்கிட்டு வந்து கடையைத் திறக்கறேன்."

"லீவு கேக்கணும்கா. லிஃப்ட் நின்னுட்டா..."

"நின்னா ஜனங்க படியேறுவாங்க. அப்பா ஏற மாட்டார்."

அவன் சாவியை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவள், பத்தடி போய்த் திரும்பினாள்.

"அப்பாவை இடது பக்கமா மட்டும் திருப்பிடாதே. வலிச்சாலும் சொல்ல மாட்டார்," என்றாள், கோபம் குறையாமல்.