பத்தாவது கையெழுத்து

மாவட்ட மன்றத்தில் அந்த வட்டாரத்தின் உறுப்பினருக்கு ஊர் வைத்த பெயர் ‘நிரந்தரம்’. நாலு வருடத்துக்கு ஒரு தேர்தல்; பதினாறு வருடமாக அவர்தான். அதிலும் கடைசி மூன்று முறை அவரை எதிர்த்து மனுப் போட ஆளே இல்லாததால் ஓட்டுப் பெட்டி வெளியே வரவே இல்லை. நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. வேலை செய்கிறவர் என்று சொல்லவும் வராது.

அவருடைய சட்டைகளைத் தேய்ப்பவள் லாண்ட்ரியக்கா. அந்தத் தெருவுக்கு வந்து கடை போட்டுப் பதினைந்து வருடமாகிறது. இத்தனை வருடத்தில் மன்றத் தேர்தலில் அவள் ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை.

மனுக் கொடுக்கக் கடைசி நாள். எதிரே இருந்த தேர்தல் அலுவலகத்துக் குமாஸ்தா மத்தியானம் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

“இந்தத் தடவையும் யாரும் மனுக் குடுக்கலக்கா. நாலு மணியோட முடியுது.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அப்ப இந்தத் தடவையும் ஓட்டுக் கிடையாதா?”

“எதுத்து நிக்க ஆள் இருந்தாத்தானே ஓட்டு!”

“நான் நின்னா?”

குமாஸ்தா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் போய்ப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வட்டாரத்து வாக்காளர் பத்துப் பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

உள்ளே மெஷினிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஈரக் கையோடு ஓடி வந்தார். “உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? அவர எதுத்து நீ ஜெயிக்கவா போறே?”

“ஜெயிக்க யாருங்க நிக்கறா? எனக்கு ஓட்டுப் போடணும். அதுக்கு யாராவது நிக்கணும்ல?”

துணி வாங்க வந்தவர்கள், பக்கத்து மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி என்று மூன்றரை மணிக்குள் ஒன்பது கையெழுத்து சேர்ந்துவிட்டது. புருஷன் மட்டும் போட மாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பிறகு கடைக்குள் ஈ காக்கைகூட வரவில்லை. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வந்தவர் நிரந்தரம்.

“சட்டை ரெடியாம்மா?”

புருஷன் நைசாகத் துணி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். அக்கா சட்டைகளை எடுத்து வைத்தாள். அதே கையோடு படிவத்தையும் எடுத்து வைத்தாள்.

“அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. உங்கள எதுத்து நிக்கலாம்னு இருக்கேன். ஒரு கையெழுத்துக் குறையுது.”

அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது.

“எம் மேல என்னம்மா கோவம்?”

“கோவமெல்லாம் இல்லண்ணே. ஓட்டுப் போட ஆசை.”

நிரந்தரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “போன வாரம் எம் பொண்ணு கேட்டா, ‘அப்பா, நீ கடைசியா எப்ப ஜெயிச்சே?’ன்னு. எனக்குச் சட்டுன்னு பதில் வரல.” பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “ஓடும்மா, இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்கு.”

செய்தி பரவியதும் ஊரே மூக்கில் விரலை வைத்தது.

அக்காவின் பிரசாரம் பெரிதாக ஒன்றுமில்லை. தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒரு துண்டுச்சீட்டையும் கொடுப்பாள். ‘ஆறு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் ஓட வேண்டும்’ என்று புருஷனின் கோணல் எழுத்தில் இருக்கும். அவளுடைய வாக்குறுதி அது ஒன்றுதான். அந்தக் குடியிருப்பு மன்றத்துக்குச் சொந்தமானது. லிஃப்ட் நின்று இரண்டு வருடம். வாரம் மூன்று நாள் துணி மூட்டையோடு ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவள் அவள்.

ஒரு சனிக்கிழமை நான்காவது மாடிப் படியில் நிரந்தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் ஓட்டுக் கேட்க வந்திருந்தார்.

“தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?” என்று அக்கா பாட்டிலை நீட்டினாள்.

மடமடவென்று குடித்தார். “இத எப்படிம்மா தினம் ஏறுறாங்க? எங்கிட்ட யாரும் சொல்லலியே!”

“எழுதிப் போட்டாங்களாம். நேர்ல சொல்லலாம்னா நீங்க இந்தப் பக்கம் வந்தாத்தானே? ஓட்டுக் கேக்கற வேலையே உங்களுக்கு இல்லாமப் போச்சு.”

அவர் எழுந்து மிச்சம் இரண்டு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒரு கதவு விடாமல் தட்டினார்.

ஒன்பதாம் நாள் லிஃப்ட் ஓடியது.

“இருந்த ஒரே வாக்குறுதியையும் அவரே அள்ளிட்டுப் போயிட்டார். இனி எதச் சொல்லி ஓட்டுக் கேப்பே?” என்றார் புருஷன்.

அக்கா இரண்டு கையிலும் மூட்டையோடு லிஃப்டுக்குள் நுழைந்து ஆறாம் எண்ணை முழங்கையால் அமுக்கினாள். “கேக்க ஒண்ணுமில்லாமப் போனா நல்லதுதானே? ஏறுங்க.”

ஓட்டுப் போடும் நாளன்று காலையிலேயே வரிசையில் நின்றாள். சீட்டில் இரண்டே பெயர்கள். தன் பெயரை அச்செழுத்தில் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவசரப்படாமல், கோட்டுக்கு வெளியே போகாமல் முத்திரை குத்தினாள். குத்தியது தனக்குத்தான். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வரும்போது வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

ஓட்டு எண்ணி முடித்தபோது நிரந்தரத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. அக்காவுக்கு முந்நூற்று எண்பத்தேழு. நாற்பது வந்தாலே அதிகம் என்று நினைத்திருந்தவளுக்குத் தலை கால் புரியவில்லை. நிரந்தரம் நேராக அவளிடம் வந்தார். ஆள் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

“ஜெயிச்சுட்டேம்மா!” என்றார்.

“ஆமாண்ணே, இந்தத் தடவை நிஜமாவே ஜெயிச்சிருக்கீங்க.”

மறுநாள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. துணி கொண்டுவந்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, “நான் உங்களுக்குத்தான்க்கா போட்டேன்” என்றார்கள். இப்படியே போனால் ஒரு வாரத்தில் முந்நூற்று எண்பத்தேழைத் தாண்டிவிடும் என்று தோன்றியது. அத்தனை பேருக்கும் அவள் நன்றி சொன்னாள்.

கூட்டம் குறைந்ததும் உள்பக்கம் திரும்பினாள். “ஆமா, நீங்க யாருக்குப் போட்டீங்க?”

மெஷின் சத்தத்தில் காதில் விழாதவர்போல அவர் துணியை உதறினார். அவள் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீ ஜெயிச்சிட்டா கடைய யாரு பாக்கறது?” என்றார் கடைசியில், பரிதாபமாக.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சூடேறியிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அடுத்த சட்டையின் காலரில் வைத்தாள்.