நூற்று எழுபத்து மூன்று

டார்லீன் வீப் தன் காரை என் வீட்டு வாசலில் நிறுத்தியபோது, நூற்று அறுபத்தெட்டாம் இடத்தில் ஒரு ஃபின்லாந்துக்காரனை வைப்பதா வேண்டாமா என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கூரையில் 'ஓட்டுநர் பயிற்சி' என்று பலகை வைத்த வெள்ளைக் கார் அது. ஒரே திருப்பில் வந்து, ஓரத்துக் கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி, அளந்து வைத்தாற்போல நின்றது. எங்கள் ஊரில் அப்படிக் கார் நிறுத்துகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே மறந்தவர்கள்.

உள்ளே வரச் சொன்னேன். கம்பிவலைக் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உக்காரல்லாம் நேரமில்ல வெர்ன். ஒரே ஒரு உதவி."

"சொல்லு."

"இந்த வருஷம் உன் லிஸ்ட்ல ஜோரி பேரப் போடாத."

நான் தபால்காரன். சஸ்காட்செவன் மாகாணத்தில் மூன்று சிற்றூர்களுக்கும் அவற்றின் நடுவில் உள்ள பண்ணை வீடுகளுக்கும் இருபத்தாறு வருஷமாகக் கடிதம் கொண்டுபோகிறேன். இது சோற்றுக்கு. பைத்தியத்துக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் பெரிய லீக்கின் முப்பத்திரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளும் கூடி உட்கார்ந்து, முறை வைத்து, ஏழு சுற்றில் இருநூற்று இருபத்துநான்கு இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும். எவன் எத்தனாவதாகப் போவான், எந்த அணிக்குப் போவான் என்று அதற்கு மூன்று வாரம் முன்பே நான் முழுப் பட்டியல் போட்டு இணையத்தில் வெளியிடுவேன். இந்த நாட்டில் பாதிப்பேர் முதல் சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏழு சுற்றும் போடுவதற்குத் தனியாக ஒரு நட்டு கழன்றிருக்க வேண்டும்.

பதினான்கு வருஷம். மூவாயிரத்துச் சொச்சம் பெயர்கள். சொன்ன இடத்தில் சரியாக விழுந்தவை ஒன்பது. அதிலும் நான்கு, நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தவை. பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் என் சிநேகிதன் ஆர்ட் இதைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறான். "கண்ணக் கட்டிக்கிட்டு பேர் லிஸ்ட் மேல ஊசி எறிஞ்சாக்கூட பதினஞ்சு தேறும்டா. ஒம்பதுக்கு வரணும்னா தனித் தெறம வேணும்" என்பான். அடுத்தவர் கடிதத்தை நான் ஒருமுறைகூட வீடு மாற்றிப் போட்டதில்லை. என் கணிப்புகள் மட்டும் முகவரி தவறிப்போய்த் திரும்பி வருகின்றன.

இதில் டார்லீனுக்குத் தனிக் கணக்கு உண்டு. அவள் மகன் ஜோரி தடுப்பாட்டக்காரன். பதினெட்டு வயதில் முதல்முறை இந்த அணித் தேர்வுக்கு வந்தான். நான் நான்காம் சுற்றில் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் ஆறாம் சுற்றில் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. இப்போது இருபது. விதிப்படி இதுதான் கடைசி வருஷம். இதற்கப்புறமும் ஏதாவது ஓர் அணி தானாகக் கூப்பிடலாம், லாட்டரிகூடத்தான் விழலாம்.

"நீ நல்லவன்தான் வெர்ன்" என்றாள் கதவுக்கு வெளியிலிருந்து. "ஆனா உன் வாயில விழுந்த எதுவும் வெளங்கினதில்ல. உனக்கே தெரியும்."

"டார்லீன், இதெல்லாம் மூடநம்பிக்கை."

"கோல்கீப்பர் ஒரு கோலும் விடாம நிக்கும்போது, 'இன்னிக்கு கோலே விழாது'ன்னு நீ வாயத் திறந்து சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன். இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் பாதிரியார்கூட கடைசியான மூன்றாம் ஆட்டப் பகுதி முடியும் வரை வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

"அவன் மத்த லிஸ்ட் எதையும் பாக்கறதில்ல" என்றாள், குரலைக் கொஞ்சம் இறக்கி. "உன்னோடத மட்டும் பாக்கறான். 'வெர்ன் வந்து பாத்துட்டுப் போடறாரும்மா'ங்கறான். நீ போட்டா நம்பிருவான். மூணாவது தடவையும் நம்பறத நான் பாக்க முடியாது."

"எடுத்துடறேன்" என்றேன்.

முதல் வருஷம் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். என் பட்டியலை நம்பி ஊர்க் கர்லிங் விளையாட்டு மன்றத்தில் அறுபது பேர் கூடினார்கள். 'வாழ்த்துகள் ஜோரி' என்று எழுதிய கேக் ஃபிரிட்ஜில் இருந்தது. நான்காம் சுற்று போயிற்று, ஐந்து போயிற்று. ஏழாம் சுற்றில் எல்லாரும் தங்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெயரும் வாசிக்கப்பட்ட பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. ஜோரிதான் எழுந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தான், கேக்கை எடுத்தான், அறுபது துண்டு போட்டான். ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்து கொடுத்தான். கிரீம் அதிகமாக இருந்த மூலைத் துண்டை எனக்குக் கொடுத்து, "உங்களுக்கு ஸ்வீட் பிடிக்கும்ல?" என்றான். பதினெட்டு வயது. நான் அந்த வயதில் பரீட்சையில் தோற்றதற்கு டிராக்டர் டயரை உதைத்துக் கால்விரலை உடைத்துக்கொண்டவன்.

ஆனால் அவனை நான் பட்டியலில் போட்டதற்கு அந்தக் கேக் காரணமில்லை. கேக் பிறகுதான் வந்தது. காரணம், நான் இடித்த ஒரு தபால் பெட்டி.

நாலு வருஷத்துக்கு முன்னால், நான் காரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பண்ணையின் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டேன். தபால்காரன் தபால் பெட்டியைச் சாய்ப்பது, மீனவன் வலையில் தானே சிக்கிக்கொள்வது போல. மேலிடம் என்னை மறுபயிற்சிக்கு அனுப்பியது. அதாவது, டார்லீன் பக்கத்தில் ஆறு மணி நேரம். அவள் அதிகம் பேச மாட்டாள். நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பப் போவேன், "தோள்!" என்பாள். கண்ணாடி காட்டாததைத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும், முதலில் இடம், பிறகு வலம். ஆறு மணி நேரத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அதன் பிறகு ஒரு மாதம், ஃபிரிட்ஜைத் திறப்பதற்குக்கூட நான் தோளைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஜோரி ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மைனஸ் முப்பத்துநாலு. அரங்கின் உள்ளே அதைவிடக் கொஞ்சம் தேவலை. எதிரணி ரப்பர் வட்டை மூலைக்கு அடித்துவிட்டது. ஜோரி அதை எடுக்கப் போகிறான். அவன் முதுகைக் குறிவைத்து இரண்டு தடியன்கள் பாய்ந்து வருகிறார்கள். இந்த இடத்தில் மற்ற பையன்கள் வட்டையே பார்த்துக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்ததும் சுவரில் அப்பளமாவார்கள். ஜோரி வட்டை நெருங்கும் முன் இடத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலத் தோளுக்கு மேல் ஒரு பார்வை. அவ்வளவுதான். வட்டு அவன் மட்டையைத் தொட்ட கணமே கிளம்பி, எங்கேயோ தனியாக நின்ற சகாவிடம் போய்விட்டது. தடியன்கள் வெறும் சுவரில் மோதிக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. அவன் அழகே அதுதான். நடக்கவிருந்த ஏதோ ஒன்று, அவனால் நடக்காமல் போகும்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் காதில் "தோள்!" என்று கேட்டது.

அன்றிலிருந்து எண்ணுகிறேன். இந்தப் பருவத்தில் மட்டும் நாற்பத்தொரு ஆட்டம். வட்டை எடுக்கப் போன ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பார்த்தானா என்று நோட்டில் கோடு போடுகிறேன். பத்துக்கு ஒன்பது முறை பார்க்கிறான். பெரிய கிளப்புகளின் ஆட்கள் வேகத்தை அளக்கிறார்கள், உயரத்தை அளக்கிறார்கள். தோளை அளப்பதற்கு அவர்கள் முதலில் ஒரு தபால் பெட்டியை இடிக்க வேண்டும்.

இந்த வருஷம் என் கணக்குப்படி அவன் இடம் நூற்று எழுபத்து மூன்று. ஆறாம் சுற்றின் நடுவில், ஒரு கடற்கரை நகரத்து அணி. தடுப்பாட்டக்காரர்கள் கிழவர்களாகிப்போன அணி. இவ்வளவு உறுதியாக நான் எதையும் நினைத்ததில்லை.

டார்லீன் போனதும் அழித்தேன். அழித்தால், கீழே இருக்கிறவன் ஒவ்வொருவனும் ஒரு படி மேலே ஏற வேண்டும். நூற்று எழுபத்து நான்கில் இருந்த ஜெர்மானியனை அங்கே வைத்துப் பார்த்தேன். பொய் சொல்வது போல இருந்தது. எடுத்தேன். வேறொருவனை வைத்தேன். எடுத்தேன். கடைசியில் நூற்று எழுபத்து மூன்று என்று எண்ணை மட்டும் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டு, அப்படியே வெளியிட்டுவிட்டேன்.

"லிஸ்ட்ல இருநூத்தி இருபத்தி மூணு பேர்தான் இருக்கு" என்றான் ஆர்ட், காப்பி ஊற்றியபடி. "ஆளத் தெரியாதுன்னு ஊருக்குத் தெரியும். எண்ணவும் தெரியாதுன்னு எதுக்குடா எழுதிப்போட்டு நிரூபிக்கிற?"

அணித் தேர்வின் இரண்டாம் நாள் சனிக்கிழமை. காலையிலிருந்து ஆர்ட்டின் பங்க்கில் டி.வி. முன் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை கர்லிங் மன்றம் இல்லை, கேக் இல்லை. ஜோரி தன் மாமன் பண்ணையில் மருந்தடிக்கும் வண்டி ஓட்டப் போய்விட்டான். ஊரில் அன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்காகவே வானிலையைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். நூற்று ஐம்பத்தெட்டாம் பெயரை வாசித்தபோது வெள்ளைக் கார் வந்து நின்றது, ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

"வெர்ன், வண்டியில ஏறு."

"இப்பவா?"

"அடுத்து வர வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சலாம். சும்மா உக்கார முடியல என்னால. நீ ஓட்டு."

"பாத்துப் போம்மா" என்றான் ஆர்ட். "வழியில எட்டு தபால் பெட்டி இருக்கு."

அவள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ஏறியதும் இருவர் செல்போனும் டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்விட வேண்டும். ரேடியோ கூடாது. வண்டி ஓரமாக, முழுதாக நின்ற பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். மேயருக்கும் அதே சட்டம்தான்.

ஊரைத் தாண்டிச் சரளைச் சாலையில் போனோம். எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜோரி இருக்கும் பண்ணை அந்தப் பக்கம்தான். ஒரு பெயருக்கு ஒன்றரை நிமிஷம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நூற்று அறுபத்து மூன்று. நூற்று அறுபத்து நாலு.

"நூத்தி எழுபத்தி மூணு யாரு?" என்றாள்.

"அச்சுப் பிழை."

"நீ வண்டிய ரிவர்ஸ் எடுக்கற மாதிரியே பொய் சொல்ற."

வழியில் வந்த தபால் பெட்டியை நான் நன்றாகத் தள்ளியே கடந்தேன்.

"நான் எடுக்கத்தான சொன்னேன்? எடத்த வெச்சுக்கிட்டு ஆள மட்டும் எடுத்திருக்க."

"வேற யாரையும் அங்க வைக்க மனசு வரல டார்லீன். கோவமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் பாத்துட்டான்" என்றாள். "ரொம்ப நேரம் அந்தக் காலி எடத்தையே பாத்துக்கிட்டிருந்தான். 'வெர்ன் எனக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்காரும்மா'ன்னு சிரிச்சான். பஸ்ல துண்டு போட்ட மாதிரி."

எனக்குச் சாலை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஜூன் மாதத் தூசி, நம்ப முடியாது.

"அவன் ரெண்டு பக்கமும் பாக்கறானே" என்றேன், "அது நீ சொல்லிக் கொடுத்ததா?"

"எது?"

"வட்ட எடுக்கப் போறப்போ. இடம், வலம். நாப்பத்தோரு ஆட்டம் எண்ணியிருக்கேன்."

அவள் என்னையே பார்த்தாள். நாலு வருஷமாக அந்த அரங்கில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். மகன் அடிபடுவதைப் பார்க்கப் பயம். "எனக்குத் தெரியாதே" என்றாள் மெல்ல. "அவன் அஞ்சு வயசுல பின் சீட்ல உக்காந்து வருவான். நான் பிள்ளைங்களுக்குச் சொல்லச் சொல்ல அவனும் கூடவே திரும்பித் திரும்பிப் பாப்பான். வெளையாட்டுன்னு நெனச்சேன்."

நூற்று எழுபத்தொன்று. இடது பக்கம் கனோலாக் கடுகு வயல் ஆரம்பித்தது. இன்னும் பூக்கவில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. நடுவில், நீண்ட இரு சிறகுகளையும் விரித்துக்கொண்டு மருந்து வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. டார்லீன் கையை மடியில் வைத்து, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் எண்ணிக்கை நூற்று எழுபத்து மூன்றுக்கு வந்தபோது, டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு செல்போன் அதிர்ந்தது. உடனே இன்னொன்று. தகரத்துக்குள் தேனீ புகுந்தது போல இரண்டும் சேர்ந்து அதிர்ந்தன. ஆர்ட்டாக இருக்கலாம். ஆர்ட் என்றால் கேலியாகவும் இருக்கலாம்.

டார்லீனின் கை பெட்டி வரைக்கும் போயிற்று. பிடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"ஓரங்கட்டு" என்றாள். அவளுடைய குரலாக அது இல்லை. "சிக்னல் போடு. தோள்."

சிக்னல் போட்டேன். வலத் தோளுக்கு மேல் பார்த்தேன். நாங்கள் கிளப்பிய தூசியைத் தவிர யாரும் இல்லை. நிறுத்தினேன். ஓரத்திலிருந்து சரியாக ஒரு சாண், சத்தியமாக. அவள் அதைக் கவனிக்கவில்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து வண்டி நின்றிருந்தது. கதவு திறந்து, ஏணியின் மேல்படிக்கு ஜோரி வந்தான். ஒரு கை சட்டைப்பைக்குப் போயிற்று. எதையும் எடுக்கவில்லை. முதலில் இடத் தோளுக்கு மேல் பார்த்தான், பிறகு வலத் தோளுக்கு மேல், அவ்வளவு பெரிய பச்சையில் தன்னை நோக்கி யாரோ பாய்ந்து வருவது போல. சாலையில் நின்ற வெள்ளைக் காரில் அவன் பார்வை ஒரு கணம் தங்கியது.

பிறகு செல்போனோடு சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தான்.