மெருகேறிய சாட்சி

ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் அந்தக் கிறிஸ்தவ ஊழியத்தில் வளர்ந்து ஆளான பிள்ளைகள் ஆண்டு நன்றிக் கூட்டத்தில் மேடையேறிச் சாட்சி சொல்வது வழக்கம். எந்த நிலையில் வந்தேன், கர்த்தர் எப்படித் தூக்கியெடுத்தார் என்று சொல்ல வேண்டும். நிர்வாகி, அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரியப்பா, இதற்கென்று ஒரு முறையே வகுத்து வைத்திருந்தார். முதலில் குழி, பிறகு கரம், கடைசியில் வெளிச்சம். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு வெளிச்சம் எடுபடும் என்பது அவருடைய இறையியல். திருவிழா நெரிசலில் வழிதவறி வந்துசேர்ந்த ஒரு பையனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி குழியே இல்லையே என்று ஒரு வாரம் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்த விஷயத்தில் அவர் வயிற்றில் பால் வார்த்தவன் வெல்டர். கேட் பட்டறையில் வேலை செய்கிறவன் என்பதால் அந்தப் பெயர். ஏழு வயதில், கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் திரிந்தவனை ஊழியத்தார் கூட்டிவந்தார்கள். மேடையேறிய முதல் வருடம் அம்மா இல்லை என்று மட்டும் சொன்னான். மறு வருடம் அம்மா விட்டுவிட்டுப் போனாள். அதற்கடுத்த வருடம் குப்பைமேட்டில் விட்டுவிட்டுப் போனாள். ‘திரும்பிக்கூடப் பார்க்காமல்’ என்பது பெரியப்பாவின் கைவண்ணம். அந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு சற்று நிற்க வேண்டும் என்றும் பழக்கியிருந்தார். அவன் நிற்பான், கைக்குட்டைகள் வெளியே வரும். பொய் சொல் என்று யாரும் சொன்னதில்லை. இப்படி இருந்திருக்குமாப்பா என்று கேட்டார்கள், தலையாட்டினான். சோறு போடுகிறவர்கள் கேட்டால் பிள்ளைகளின் தலை தானாக ஆடும்.

ஊழியத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் பசியாற்றினார்கள், படிக்க வைத்தார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையிலிருந்து ஒருவரைத் துணையாகப் போட்டார்கள். அவனுக்கு வாய்த்தவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா. அவன் வந்த முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தார். டைபாய்டில் அவன் கிடந்தபோது பாதி ஜெபம், பாதி திட்டு என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தேற்றினார். மனிதனாக்கினார்கள் என்ற வார்த்தையை மேடையில் கேட்டால் சிரிப்பு வரும். அக்காவைப் பார்த்தால் வராது.

தங்கை வளர்ந்தது பெண்கள் இல்லத்தில். அங்கே கூட்டம் தனி, சாட்சி தனி. அண்ணன் போய்ப் பார்க்கிற நாளில் வார்டன் பக்கத்திலேயே இருப்பார். பேச்சு பரீட்சை மார்க்கைத் தாண்டிப் போகாது. இப்போது பதினெட்டு முடிந்து, அவனோடு இருக்க வந்துவிட்டாள். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து, அவளுக்கென்று கட்டில் ஒன்றைத் தானே பற்றவைத்துப் போட்டிருந்தான்.

வந்த அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே, அம்மா எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அதைக் கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் அவன்தான். அவன் வாயைத் திறந்தான். சாட்சி வந்தது. குப்பைமேடு வந்தது, காக்காய்கள் வந்தன, ‘திரும்பிக்கூடப் பார்க்காமல்’ வந்தது. மூச்சை இழுத்து நிற்கவும் நின்றான். நின்ற பிறகுதான் எதிரே இருப்பது சபை அல்ல என்று உறைத்தது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் ரொம்ப அழுதிருப்பேன்ல. அதான் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

அப்படியெல்லாம் இல்லை என்றான். அப்புறம் எப்படி என்று அவள் கேட்கவில்லை. மிச்சக் கிழங்கையும் நறுக்கி முடித்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்கட்டுமா என்பது மாதிரியான பேச்சுகள்தான். இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள், யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்பவளைப் போல.

நன்றிக் கூட்டத்தன்று காலையில் அவன் சலவைக்கூடத்துக்குப் போனான். அக்கா ஈரப் போர்வைகளை எந்திரத்திலிருந்து உருவிக்கொண்டிருந்தார். நான் வந்த புதிதில் உங்களிடம் என்ன சொன்னேன் என்று கேட்டான்.

“என்னடா, வேலைக்கு நடுவுல விசாரணைக் கமிஷன்?” என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எந்திரத்தை நிறுத்தினார். “அம்மாவுக்கு இருமல்னு சொன்ன. ஆஸ்பத்திரி வாசல்ல உன்னை உக்கார வெச்சு, பாப்பாவை உன் மடியில குடுத்துட்டு உள்ள போனாங்களாம். வெளிய வரவே இல்லையாம். யாரோ துரத்திவிட்டாங்கன்னு சொன்ன.”

“அப்புறம் நான் குப்பைமேடுன்னு சொன்னப்ப நீங்க கேக்கலையா?”

“புள்ளைக்கு இப்பத்தான் எல்லாம் ஞாபகம் வருதுன்னு நெனச்சேன். நானும்தானே உக்காந்து அழுதேன்.”

ஆஸ்பத்திரி வாசலை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. குப்பைமேடு என்றால் போதும், அதன் நாற்றம்கூட வந்தது. இல்லாத இடம் கண்ணுக்குள் நின்றது. இருந்த இடத்தைத் துடைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் முகத்தில் அவனிடம் மிஞ்சியதும் திரும்பாத பின்தலை மட்டும்தான்.

கூட்டத்தில் பெரியப்பா அவனை அறிமுகம் செய்தார். அறிமுகத்திலேயே குப்பைமேட்டைப் பாதி தோண்டிவிட்டார். தங்கை முன்வரிசையில், இது தன்னுடைய கதையும்தான் என்று தெரிந்த முகத்தோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மைக்கைப் பிடித்தான்.

“எங்கம்மா எங்களை விட்டுட்டுப் போகல. உடம்பு முடியாம ஆஸ்பத்திரிக்குள்ள போனாங்க, வெளிய வரல. இத்தனை வருஷமா நான் சொன்னது நடக்கல. சொல்லிச் சொல்லி அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.”

எந்த இடத்திலும் நிற்கவில்லை. கைக்குட்டைகள் எடுக்கலாமா வேண்டாமா என்று பாதியில் தடுமாறின. பெரியப்பா மைக்கை வாங்கி, தம்பி ஆவியில் நிறைந்து உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று கூட்டத்தாருக்கு விளக்கி, பாடகர் குழுவைப் பார்த்தார். அவர்கள் உடனே எழுந்தார்கள்.

அவன் இறங்கிவந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்களுக்கு நேர் பின்வரிசையில் அக்கா இருந்தார்.

“இது நெஜமா?” என்றாள் தங்கை.

“அக்காகிட்ட அப்ப சொல்லியிருக்கேன். எனக்கு இப்ப ஞாபகம் இல்ல.”

“அப்ப நான் அழலையா?”

நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல வாக்கியம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்; நாலு வருடம் சொன்னால் அவனுக்கே ஞாபகமும் வந்துவிடும். அதை விழுங்கினான்.

“தெரியல பாப்பா. அழுதியோ என்னவோ. உன்னை என் கையில குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க.”

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“அதுவும் தெரியல. தேடணும்.”

பின்னாலிருந்து அக்கா, திங்கட்கிழமை தனக்கு மத்தியான ஷிப்ட்தான் என்றார். சீக்கிரம் எழுந்து கிளம்பச் சொன்னார்.