அப்பாவின் சமஷ்டி

என் அப்பா இரத்தினவேலுக்குச் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்றால் உயிர். கனடாவில், இந்த ஸ்காபரோவில் யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வருமுன் சமஷ்டிக் கதை வந்துவிடும். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதும் பழைய கிரேக்கரின் சமஷ்டி அரசுகளைத்தான். மனுசனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்ட்ரூவைக் கட்டப்போகிறேன் என்றபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். அவன் மன்னார்க் கத்தோலிக்கன்; நாங்கள் சைவர். அப்பாவுக்குப் புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டது. கோடையைக் காணமாட்டார் என்று டொக்டர் கைவிரித்துவிட்டார். கண்மூடுமுன் இந்தக் கலியாணத்துக்கு அவர் வாயால் ஒரு 'ஓம்' வேண்டும் எனக்கு. வேறொன்றும் வேண்டாம்.

ஊர்ச் சங்கம் பேசக் கூப்பிட்டதும் ஒத்துக்கொண்டேன். சபையில் வைத்துச் சொன்னால் கேட்பார் என்று ஒரு நப்பாசை.

தனித்தனியே நின்று பேரரசர்களிடம் அடிவாங்கிய சின்ன நகரங்கள் எப்படி ஒன்றாகின என்று சொன்னேன்.

"அவரவர் கோயில், அவரவர் சட்டம் அப்பிடியே இருந்தது. படையும் பொதுச்சபையும் ஒண்டு. சில சமஷ்டியளிலை ஒரு நகரத்தான் மற்ற நகரத்திலை பொம்பிளை எடுக்கலாம், காணி வாங்கலாம். அக்காயர் எண்ட கிரேக்கக் கூட்டம் தங்கடை இனமே இல்லாத சிக்கியோன் நகரத்தையும் சேர்த்தவை. பிறகு அந்தச் சிக்கியோன்காரனையே தளபதியாக்கினவை!"

அப்பா எழுந்து நின்று கைதட்டினார். கண் கலங்கியிருந்தது. விடுவேனா? பின்வரிசையில் இருந்த அன்ட்ரூவை இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அப்பா அவன் கையைப் பிடித்து, "வாரும் தம்பி, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்," என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீடு வந்து காரை நிறுத்தியதும் கேட்டேன். "அப்ப ஓம்தானே, அப்பா?"

"சபைக்கு வந்தவனை வாவெண்டு சொல்லாமல் விடுறதே? நல்லாய்த்தான் பேசினாய், பிள்ளை. அது நாடுகளுக்கு. எங்கடை வீட்டுக்கில்லை." மூச்சு வாங்கினார். "கட்டுறதெண்டால் கட்டு. என்ரை செத்த வீட்டுக்கு மட்டும் வந்திடாதை."

எங்கள் ஆட்கள் கோபத்தில் சொல்வதுதான். ஆனால் சொன்னதை விடவும் மாட்டார்கள். தன் சொந்தத் தமையனின் செத்த வீட்டுக்கே போகாதவர் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப வரமாட்டன், அப்பா," என்றேன். சொன்ன கையோடு வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

கதவைத் திறந்து அவரை இறக்கினேன். தனியே நடக்க அவருக்குத் தெம்பில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்ற்வரை வந்தார்.