கீழே வைத்த கோப்பை

அப்பாவுக்கு ஒத்திகை கொடுப்பதற்காகவே பாலைவனச் சாலையில் அஸ்ரக் ஊரைத் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன்.

"கையில வாங்கு. குடிக்காத. கீழ வை. அவ்வளவுதான் வேலை."

"எனக்கே பாடம் எடுக்கறியா? நான் கூடாரத்துல பொறந்தவன்டி," என்றார். டீ வந்தது. வாங்கினார், உறிஞ்சினார்.

"அப்பா!"

"இது டீம்மா. டீக்கு அந்தச் சட்டம் கிடையாது."

பாலைவனத்துக் கூடாரவாசிகளான எங்கள் ஆட்களிடம் ஒரு காரியம் கேட்டுப் போகிறவர், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தன் முன்னால் வைத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் "குடி, வந்த காரியம் ஆச்சு" என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கோப்பையைத் தொடலாம். குடித்துவிட்டால் நீங்கள் வெறும் விருந்தாளி. நலம் விசாரித்துவிட்டு, ஆட்டுக்கறி தின்றுவிட்டு, ஊரைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான். வருஷா வருஷம் அப்பா அப்படித்தான் கிளம்பி வந்தார்.

கேட்க வேண்டிய காரியம் நான்தான். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் மீது முதல் உரிமை அவளுடைய பெரியப்பா மகனுக்கு. அப்பாவின் அண்ணன் பெயர் ஹாயில். அந்தப் பெரியப்பாவின் மகன் நவ்வாஃப் என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, விட்டுக்கொடுத்ததாகப் பெரியப்பா வாய் திறந்து சொல்லவும் இல்லை. சொல்லாதவரை லுவய் வீட்டார் பெண் கேட்டு வரமாட்டார்கள். பகையை யார் விலைக்கு வாங்குவார்கள்? லுவய் இர்பித்காரன், ஸர்க்காவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அக்காவுக்குத் துணையாகப் பின்சீட்டில் வந்தவன், அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்றும் வந்து நின்றான். அவனை எனக்குப் பிடிக்கும். நிறையவே பிடிக்கும். இந்த முறையும் நான் வெறுங்கையோடு திரும்பினால் அவனுக்கு வேறு இடம் பார்ப்பதாக அவன் அம்மா சொல்லிவிட்டார்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் திட்டு வாங்காமல் யாரும் உரிமம் வாங்கியதில்லை. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டேன் என்கிற ஒரே ஆளைத்தான் என்னால் திருத்த முடியவில்லை. அவர் இப்போது பக்கத்து இருக்கையில் ஆரஞ்சுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸஃபாவி ஊருக்கு அப்பால் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் கருங்கல். டயருக்கு எமன். அப்பாவுக்கோ அங்கே வந்ததும் பத்து வயது குறைந்துவிடும்.

"இடது பக்கம் ஒடி. அந்தக் கல்லைத் தாண்டினா மண்ணு கெட்டி. ஏன் பாம்பு மாதிரி ஊர்ற? மிதி!"

"வண்டிக்குள்ள இவ்ளோ அதிகாரம் பண்றியே, உங்கண்ணன் முன்னாடி இதுல பாதி வருமா?"

அப்பாவின் உற்சாகம் அடங்கிவிட்டது. "அவர் முன்னாடி எனக்குப் பேச்சே வராதும்மா. நான் கூடாரத்தை விட்டு ஊருக்குக் குடிபோனப்ப ஒரு வார்த்தை திட்டலை. ஆனா இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்டு வாசலை மிதிச்சதில்ல. அவர்கிட்டப் போய், உங்க மகன் வேணாம்னு எப்படிச் சொல்ல?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபமும் குறையவில்லை.

கூடாரத்து வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, கழுகுப் பார்வை. அப்பாவைக் கட்டிக்கொண்டார். என் தலையில் கை வைத்து, "வண்டி ஓட்டிக்கிட்டு வந்தது நீயா? தூசியைப் பாத்தப்பவே நினைச்சேன், எவனோ திருடிக்கிட்டு ஓடுறான்னு," என்றார்.

வெளியாட்கள் யாரும் இல்லாததால் நானும் ஆண்கள் பக்கமே உட்கார்ந்தேன். நவ்வாஃப் இடது கையில் குடுவையும் வலது கையில் கோப்பையுமாக வந்தான். முதல் கோப்பை அப்பாவுக்கு.

அப்பா வாங்கினார். நான் அவர் கையையே பார்த்தேன். கோப்பை கொஞ்சம் கீழே இறங்கியது. பெரியப்பா, "முகம் வாடியிருக்கியே, தம்பி," என்றார். அவ்வளவுதான். கோப்பை நேராக வாய்க்குப் போய்விட்டது. ஒரே மடக்கு. குடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

அடுத்த கோப்பை எனக்கு. வாங்கினேன். கம்பளத்தின் மேல், எனக்கு முன்னால், சத்தமில்லாமல் வைத்தேன்.

நவ்வாஃப் குனிந்தவன் நிமிரவே இல்லை. பெண்ணொருத்தி கோப்பையைக் கீழே வைத்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"சூடா இருக்கா?" என்றார் பெரியப்பா.

"பதமா இருக்கு, பெரியப்பா."

"ஏலக்காய் தூக்கலோ?"

"வாசமே ஆளைத் தூக்குது."

"பொம்பளை கோப்பையைக் கீழ வைக்கறது எந்த ஊரு வழக்கம்?"

"குடுக்கறப்ப பொம்பளைன்னு பாக்கலியே. வைக்கறப்ப மட்டும் எதுக்குப் பாக்கறீங்க?"

நவ்வாஃபுக்குச் சிரிப்பு முட்டியது. "அப்பா, சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இவ கூட வண்டியில உக்காரவே எனக்குப் பயம். காலம் பூரா எப்படி?"

"வாயை மூடுடா."

கோப்பையிலிருந்து எழுந்த ஆவி மெலிந்துகொண்டே வந்தது. ஹாயிலின் கூடாரத்தில் விருந்தாளியின் காப்பி ஆறிப்போனது என்ற அவமானப் பேச்சு ருவைஷித் ஊர் வரைக்கும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கண்ணை இறக்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை.

"குடி," என்றார் கடைசியில். "வந்த காரியம் ஆச்சு. நவ்வாஃபுக்கு உன் மேல உரிமை இல்ல. மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்க."

"என்ன காரியம்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

"உங்கப்பன் மூஞ்சியில வருஷா வருஷம் படிச்சேன். அவன் குடிச்சான், நான் ஊத்தினேன். கேக்காததுக்கு எப்படிப் பதில் சொல்ல?"

எடுத்துக் குடித்தேன். வெதுவெதுப்பாக, கசப்பாக, நன்றாக இருந்தது.

நவ்வாஃப் அப்பாவுக்கு இரண்டாவது கோப்பை ஊற்றினான். அப்பா வாங்கினார். என் காலிக் கோப்பையைப் பார்த்தார், தன் அண்ணனைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, கோப்பையைத் தன் முன்னால் வைத்தார்.

"உனக்கென்னடா?" பெரியப்பா நிஜமாகவே பதறிவிட்டார். "அதான் குடுத்தாச்சே!"

"அது அவ கேட்டது." அப்பாவின் குரல் உடைந்தாலும் நிற்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூட்டமா வந்து என் வீட்டுல கோப்பையைக் கீழ வைப்பாங்க. குடிங்கன்னு சொல்லப் பெரியவர் வேணும். அது நீங்கதான். என் வீட்டுக்கு வாங்கண்ணே."

பெரியப்பா குனிந்து, அந்தக் கோப்பையைத் தானே எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"குடிடா, ஆறிடப்போகுது," என்றார். என் பக்கம் திரும்பி, "ஆனா வண்டியை நவ்வாஃப்தான் ஓட்டணும்."