அவர் சோம்பல் என்று சொன்னது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் வைத்து. கீழே ஸ்பிரிங்கைப் பார்க்கக் குனிந்த மனுஷன் நிமிரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவரைப் பழைய பீரோவைத் தூக்குகிற மாதிரி, "பார்த்து, பார்த்து, மூலையில இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வெளியே எடுத்தார்கள். அப்புறம் பல மாதம் மாத்திரை, பெல்ட், வெந்நீர் ஒத்தடம் என்று ஓடியது. ஷூ லேஸைக்கூட மனைவிதான் கட்டிவிட்டாள்.

"குழந்தைக்குக் கட்டிவிட்ட பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்று சிரிப்பாளே தவிர, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

யாரோ சொல்லி, கார் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருந்த ஹாலில் யோகா வகுப்புக்குப் போனார். போகும்போது அரைமனசு. கீழே இருந்து பெயின்ட் நெடி வேறு. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா பொறுமைசாலி. "வலிக்கிற இடத்துக்கு முன்னாடியே நின்னுடுங்க" என்பார். கால் நீட்டி உட்கார்வது, முதுகை மெல்ல வளைப்பது, மூச்சை இழுத்து நிதானமாக விடுவது, நேரத்துக்குத் தூங்குவது, எண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பெல்ட் போனது, மாத்திரை போனது. ஒரு நாள் காலை அவரே குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டார். மனைவி சமையலறை வாசலில் நின்று கைதட்டினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வலி போன இடத்தில் ஒரு வேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. தனக்குக் கிடைத்தது ஊருக்கே கிடைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வேலை இடத்தில் யாராவது தும்மினால் போதும், பக்கத்தில் போய் நின்று மூக்கின் எந்தத் துவாரத்தை எப்போது அடைக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்கு அங்கே 'மூச்சண்ணன்' என்று பெயர் விழுந்தது. அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

வெளியில் அது வேடிக்கை. வீட்டில் அது சட்டம். காபித்தூள் டப்பா காணாமல் போனது. காலையில் வெந்நீர், இரவில் சீக்கிரமே விளக்கு அணைப்பு. விடிவதற்குள் ஹாலில் மூன்று பாய் விரித்தாகிவிடும். அவருக்கு, மனைவிக்கு, கல்லூரிக்குப் போகிற மகளுக்கு. மகள் ஒரு வாரம் தாங்கினாள்.

"அப்பா, நீங்க மூச்சு விடுறதைவிட எங்க மூச்சைப் பிடிக்கிறதுதான் அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். அடுத்த வருஷம் வெளியூரில் வேலை கிடைத்ததும் பறந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது மனைவி. அவள் துணி வெளுக்கிற கடையில் இஸ்திரி போடுகிறவள். பகல் முழுக்க நீராவிக்கு முன்னால் நிற்கிற வேலை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று, கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், குனியச் சொன்னால் குனிந்தாள். காபி மட்டும் கடையில் குடித்துக்கொண்டாள். ஒரு நாள் மாட்டிக்கொண்டாள்.

"என்ன, காபி வாசனை வருது?"

"கடை முதலாளியம்மா குடிச்சாங்க. காத்து என் பக்கம் அடிச்சிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. காபி நரம்பை என்ன செய்யும் என்று சாப்பாடு ஆறும் வரைக்கும் பேசினார். அவள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் போன வருஷத்தின் பாதிக்கு மேல் அவளிடம் ஒரு மந்தம் தெரிந்தது. மாடிப்படியில் பாதியில் நின்றாள். வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. காலையில் பாயில் குனிந்தவள் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவரைப் பிடிச்சா அதுக்குப் பேரு ஆசனமா?" என்றார்.

"தலை சுத்துதுங்க."

"சுத்தத்தான் செய்யும். உடம்பைப் பழக்காம வச்சிருந்தா அப்படித்தான். இதெல்லாம் சோம்பல். சோம்பலுக்கு இடம் கொடுத்தா அது பாய் போட்டுப் படுத்துக்கும்."

இன்னொரு நாள் காலை அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சியில் இருந்தார்.

"என்னங்க, எனக்குக் கொஞ்ச நாளாவே..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே, "தண்ணி குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன்."

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? போன்ல அக்காகூட வளவளன்னு பேசிட்டிருந்தியே. தூக்கம் கெட்டா எல்லாம் கெடும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து போயிருந்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு மனம் நன்றாகக் குவிந்தது என்றுகூட நினைத்தார்.

கடையிலிருந்து போன் வந்தபோது அவர் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முதலாளியம்மா. "இஸ்திரி மேசை மேலேயே சரிஞ்சுட்டாங்க. நல்லவேளை, பெட்டியைக் கீழ வச்சிருந்தாங்க. கடைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க நேரா அங்க வந்துடுங்க."

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய அக்கா முன்னாலேயே வந்திருந்தாள். டாக்டர் இளவயசுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கர்ப்பப்பையில கட்டி. ரொம்ப நாளா அளவுக்கு மீறி ரத்தப் போக்கு இருந்திருக்கு. உடம்புல ரத்தமே இல்லை. இவ்வளவு நாள் எப்படி நின்னு வேலை பார்த்தாங்கன்னே தெரியலை. எப்பலேர்ந்து இப்படி?"

கேள்வி அவரைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அக்காவைப் பார்த்தாள்.

"ஆறேழு மாசமா" என்றாள் அக்கா. "டாக்டர்கிட்ட போ போன்னு நானும் தலையால அடிச்சுக்கிட்டேன். வயசு, தானா நின்னுடும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

டாக்டர் போனதும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. களைத்த குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் வாயைத் திறந்தார். பதில் தெரிந்திருந்தது, அதுதான் கஷ்டம். காபி, தூக்கம், தண்ணீர், சோம்பல் என்று வரிசையாக, அவருடைய குரலிலேயே, அது உள்ளே ஓடியது. வாயை மூடிக்கொண்டார்.

"உடம்பு முடியலைங்கிறதைவிட, அது என் தப்புன்னு கேக்குறதுதான் பயமா இருந்துச்சு" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா அவரை வெளியே கூட்டிப்போனாள். "விடுங்க தம்பி. அவ தூங்கட்டும்" என்றாள். திட்டவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை நிதானமாக இழுக்கப் பார்த்தார். நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. இத்தனை வருஷம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அவருக்கே கை கொடுக்கவில்லை. சட்டைக்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதிரே வரிசையில் நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் புற்றுநோய் எதுவும் இல்லை என்று சோதனையில் தெரிந்தது. மகள் ஓடிவந்தாள். அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டாள்.

ஒரு நாள் மதியம் அவர் வார்டுக்குள் நுழையும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தடுப்புத் துணிக்கு வெளியே நின்றுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் பையன் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். தையல் போட்ட இடத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு, மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட வேண்டும்.

"சிரிச்சா வலிக்குது தம்பி, சிரிக்க வைக்காதே."

"அப்ப சீரியஸா விடுங்கம்மா. எப்ப வலிக்குதோ அப்ப நிறுத்திடலாம், அவசரமே இல்லை."

"இது நல்லா இருக்கு. உள்ளே லேசாகுற மாதிரி இருக்கு" என்றாள்.

அது அவர் சொல்லிக்கொடுத்த அதே மூச்சு. எண்ணிக்கைகூட அதேதான். வீட்டில் அதே பாயில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலை செய்திருக்கிறாள். ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அவர் துணியை விலக்கி உள்ளே போனார். அவள் சிரிப்பு அடங்கியது. முதுகை நிமிர்த்தி உட்காரப் பார்த்தாள், பரீட்சை ஹாலில் வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி. அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் அவர் உடைந்துபோனார்.

"நிமிர வேணாம். சாஞ்சுக்கோ" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள், "அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேனே" என்றாள். உத்தரவு கேட்கிற மாதிரி இருந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போனார்.

வீட்டில் தனியாகக் காலையில் பாயை விரித்தார். உடம்பு தானாக வளைந்தது, தானாக நிமிர்ந்தது. இடுப்பில் வலி இல்லை. லிஃப்ட் குழியிலிருந்து தூக்கிவரப்பட்ட அந்த மாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அப்போது அவள் ஒரு தடவையாவது, 'நீங்க நிக்கிற விதம் சரியில்லை, அதான் பிடிச்சுக்கிச்சு' என்று சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லை. வலிக்குதா என்றுதான் கேட்டாள். தினமும் கேட்டாள்.

வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போவார். முதல் சில நாள் பேச்சு ஓடவில்லை. அவள் எதையாவது சொல்லத் தொடங்கினால் அவர் நாக்கு நுனியில் ஒரு யோசனை துடிக்கும். அதை விழுங்குவது, குழிக்குள் குனிந்து நிமிர்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு சாயங்காலம் இருவரும் தெருவில் மெல்ல நடந்தார்கள். அவள் பிளாட்பாரத்தில் நின்றாள்.

"காலெல்லாம் ஓய்ஞ்சு வருது."

அவர் விழுங்கினார். "உட்காரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பூட்டியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கழித்து, கடையில் மயங்கி விழுந்த அன்று காலை எப்படி இருந்தது, பஸ்ஸில் நிற்க முடியாமல் எப்படிக் கம்பியைப் பிடித்திருந்தாள், துணியில் கறை தெரியுமோ என்று எப்படிப் பயந்தாள் என்றெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று காலை அவளை எழுப்பிப் பாயில் நிற்கவைத்தது அவர்தான். அதை அவள் சொல்லவில்லை. அவராகச் சொன்னார்.

"நான்தான் அன்னைக்கு எழுப்பினேன்."

"ஆமா."

அவள் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ.

அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வேலைக்கும் போகிறாள், முதலாளியம்மா உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொடுத்திருக்கிறாள். டாக்டர் சொன்னபடி நடக்கிறாள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், காலையில் மூச்சுப் பயிற்சியும் செய்கிறாள். ஹாலில் இல்லை, மகளுடைய பழைய அறையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு. வாங்க என்று அவரை அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அவர் சமையலறையில் நின்று அவளுக்குக் காபி கலக்கிறார். சர்க்கரை எவ்வளவு என்று முதல் நாள் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.