பால் குடித்த டம்ளர்

கேண்டீன் சமையல்காரர் தன் மனைவிக்கு வைத்தியர் சொன்ன பத்தியத்தை ஆறு மாதமாக இம்மியும் பிசகாமல் காத்தவர். இரண்டு வேளையும் பாலில் காய்ச்சிய கஷாயம். பாலோடு மீன், இறால் சேரவே கூடாது. அவளுக்கோ நாக்கு செத்துப்போயிருந்தது. இறால் பஜ்ஜி கேட்டபோதெல்லாம், "மருந்து முடியட்டும்மா" என்று வாயை அடைத்துவிடுவார்.

இன்று மாலைக் கஷாயத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்ததும் வைத்தியரே போன் செய்தார். "இனிமே அவங்க ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

இறால் பஜ்ஜி போட உட்கார்ந்தார். பாழாய்ப்போன கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. பித்தம் ஏறாமலிருக்க மிளகாயைக் குறைத்தது, செரிக்க இஞ்சியும் ஓமமும் தட்டிப் போட்டது, எண்ணெயைப் புகையவிடாமல் பொரித்து எடுத்தது.

ஒரு பஜ்ஜியைப் பிட்டு ஊதி நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. தலைமாட்டில் இருந்த டம்ளரில் பாலாடை இன்னும் காயவில்லை. அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்பதானே பால் குடிச்சேன். வைத்தியர் கைவிட்டுட்டாரா?"

"ஆறிப்போகுதும்மா" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள்.